பொம்மை வண்டியில் இல்லாதவை



பெருநகரங்களில் குடியிருக்கும் நம் வீடுகளில், குழந்தையின் விளையாட்டுச் சாமான்களைத் தரையில் கொட்டிப் பார்த்தால், கரடிப் பொம்மைக்கும் பம்பரத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சிவப்பு வண்டி உருண்டு விழும். அதன் முதுகின்மேல் ஓர் ஏணி இருக்கும். சக்கரம் ஒன்று கழன்றிருக்கலாம்; வர்ணம் உரிந்திருக்கலாம். ஆயினும் அது என்ன வண்டி என்பதில் எந்தக் குழந்தைக்கும் ஐயம் எழுவதில்லை. அது தீயணைப்பு வண்டி. லாரி, பேருந்து, மோட்டார் என்று எத்தனையோ வண்டிகள் பொம்மைகளாக வந்து போகின்றன. ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டுக் குழந்தைகளின் கைகளில் சலிப்பின்றி இடம்பெற்று வருவது இந்தச் சிவப்பு வண்டி.

இன்று அந்தப் பொம்மையையும், தெருவில் மணியடித்துக்கொண்டு விரையும் உண்மையான வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பொம்மையில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று ஆராய்ந்தால், சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மிகவும் வேண்டிய இரண்டு செய்திகள் கிடைக்கும்.

முதலில், தீயை அணைக்க ஒரு வண்டி எதற்கு என்று கேட்டுக்கொள்வோம். தீயின் பகை நீர் என்பது யாவரும் அறிந்ததே. அந்தப் பகையின் காரணத்தை விஞ்ஞானம் விளக்குகிறது. நீர் கொதித்து முழுவதும் ஆவியாக மாறும்போது பெருமளவு வெப்பத்தை விழுங்கிவிடுகிறது. சாதாரண நிலையிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப் போல ஏறக்குறைய 7 மடங்கு வெப்பம், கொதித்த அந்த நீர் ஆவியாவதற்கு வேண்டும். எரியும் பொருளிலிருந்து இந்த வெப்பத்தைப் பறித்துவிட்டால் அது குளிர்ந்து அணைகிறது. மேலும், ஆவியான நீர் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, தீயைச் சூழ்ந்துள்ள காற்றையும் விலக்குகிறது. ஆனால் இதற்கெல்லாம் நீர் எரியும் பொருளின்மேல் போய் விழவேண்டும். புகையின்மேல் விழுந்து பயனில்லை. தீயின் அருகே மனிதன் நெருங்க முடியாது. ஆகவே, எட்ட நின்று நீரைப் பீச்சும் வழி ஒன்று தேவைப்பட்டது.

நம் முன்னோர் நீரை இறைப்பதில் வல்லவர்கள். ஏற்றமும் கவலையும் கிணற்று நீரை மேலே கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டும். ஆனால் அவை நீரை உயர்த்துமே தவிர, தள்ளமாட்டா. நீரைத் தள்ளும் கருவியை, அதாவது அழுத்தும் பம்பை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்ற அறிஞர் அமைத்தார் என்பர். இரண்டு உருளைகள், ஒவ்வொன்றினுள்ளும் ஏறி இறங்கும் ஓர் அடைப்பு. ஒன்று மேலேறும்போது மற்றொன்று கீழிறங்கும். ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றொன்று வெளியே தள்ளும். இன்றுவரை வந்த தீயணைப்பு யந்திரங்களுக்கெல்லாம் இதுவே பாட்டன் எனலாம்.

வியப்பு என்னவெனில், இந்த அறிவு இருந்தும் உலகம் அதை நெடுங்காலம் நன்கு பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1666ஆம் ஆண்டு லண்டன் மாநகரம் நாட்கணக்கில் பற்றி எரிந்தபோது, மக்களின் கையில் பெரும்பாலும் இருந்தவை தோல் வாளிகள், கையால் பீச்சும் குழல்கள், எரியும் கூரையை இழுத்துத் தள்ளும் நீண்ட கொக்கிகள் ஆகியவையே. அந்தப் பேரழிவுக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்கள் விழித்துக்கொண்டன. ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் யான் வான் டெர் ஹெய்டன் என்பவர் ஓர் ஓவியர். தெருக்களையும் வீடுகளையும் செங்கல் செங்கலாகத் தீட்டிப் புகழ்பெற்றவர். அவர் தம் சகோதரருடன் சேர்ந்து 1672ஆம் ஆண்டில் தோலால் ஆன நீண்ட குழாயைப் பம்புடன் இணைத்தார். பம்பு தெருவில் நிற்கும். குழாய் மட்டும் வீட்டினுள்ளே வளைந்து நெளிந்து தீ இருக்கும் இடத்துக்கே போகும். எட்ட நின்று குத்துமதிப்பாகப் பீச்சிய காலம் அத்துடன் முடிந்தது.

அடுத்த நூற்றாண்டில் லண்டனில் ரிச்சர்ட் நியூஷாம் என்பவர் 1721, 1725 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்றுக் கைப்பம்பு வண்டிகளைச் செய்தார். வண்டியின் இரு பக்கத்திலும் நீண்ட கைப்பிடிகள் இருக்கும். ஆட்கள் வரிசையாக நின்று மாறிமாறி அழுத்துவார்கள். உள்ளே இருந்த காற்றறை, விட்டுவிட்டு வந்த நீரை இடைவிடாத தாரையாக மாற்றியது. நியூயார்க் நகரம் 1731ஆம் ஆண்டில் இத்தகைய இரண்டு வண்டிகளைக் கடல் கடந்து வரவழைத்தது.

மனிதக் கை சலித்துவிடும். நீராவி சலிப்பதில்லை. 1829ஆம் ஆண்டு லண்டனில் ஜான் பிரெய்த்வெயிட் என்பவர் நீராவியால் இயங்கும் தீயணைப்பு யந்திரத்தைச் செய்து காட்டினார். கைப்பம்பை அழுத்திப் பழகியவர்கள் அதை வரவேற்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே நகரங்கள் அதை ஏற்றுக்கொண்டன. பின்னர், பளபளக்கும் பித்தளைக் கொதிகலனைச் சுமந்த வண்டியைக் குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் இழுத்துச்செல்லும் காட்சி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருநகரங்களின் பெருங்காட்சியாயிற்று. அந்தக் குதிரைகளுக்கும் ஓய்வு கொடுக்கும் நாள் வந்தது. 1904ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த பின்ச்லியில், பெட்ரோல் யந்திரத்தால் தானே ஓடி, அதே யந்திரத்தால் நீரையும் பீச்சும் வண்டி ஒன்று பணியில் சேர்ந்தது. மெர்ரிவெதர் என்ற கம்பெனி செய்த அந்த வண்டி இன்று லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையின் சேகரிப்பில் ஓய்வெடுக்கிறது.

உண்மை வண்டி மாறமாற, பொம்மையும் அதன் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறது. குதிரைகள் இழுத்த நீராவி வண்டியை அமெரிக்காவில் வார்ப்பிரும்பில் பொம்மையாக வார்த்தார்கள். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் தகரத்தில் செய்து, சாவி கொடுத்தால் ஓடும்படி அமைத்தார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் மெக்கானோ கம்பெனியார் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, உள்ளங்கையில் அடங்கும் வண்டிகளை 1934ஆம் ஆண்டு முதல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். அவர்களுடைய வழுவழுப்பான சிவப்புத் தீயணைப்பு வண்டி 1936இல் வெளிவந்தது.

அதனினும் சிறிய வண்டிகளுக்கு ஒரு கதை உண்டு. லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனியின் பங்காளியான ஜாக் ஓடல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். தந்தை அதற்கேற்பப் பித்தளையில் ஒரு சிறு ரோடு உருளை செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே 1953இல் தொடங்கிய 'மேட்ச்பாக்ஸ்' வரிசை. மேட்ச்பாக்ஸ் என்றால் தீப்பெட்டி அல்லவா! அந்தத் தீப்பெட்டியினுள்ளே சில ஆண்டுகளில் தீயணைப்பு வண்டியும் இடம்பெற்றுவிட்டது. பழங்கால வண்டிகளை விரும்பும் பெரியவர்களுக்காக அதே கம்பெனியார் தனி வரிசை ஒன்றையும் வெளியிட்டார்கள். குதிரை பூட்டிய ஷாண்ட் மேசன் நீராவி யந்திரம் அதில் 1960இல் வந்தது. பின்னர் டிங்கியின் பழைய அச்சுகள் சில நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தன. கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் அவற்றிலிருந்து மோட்டார்ப் பொம்மைகள் வார்க்கப்பட்டன.

இத்தகைய பொம்மைகளைத் தேடிச் சேகரிப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். நம் நகரங்களிலும் உள்ளனர். அவர்களுடைய கணக்கு சற்று விசித்திரமானது. குழந்தை ஆசைதீர விளையாடிய வண்டிக்கு விலை குறைவு. ஒருமுறையும் தரையில் ஓடாமல், வாங்கிய அட்டைப்பெட்டியுடன் அப்படியே இருக்கும் வண்டிக்கு விலை மிக அதிகம். உரிந்த இடத்தில் புது வர்ணம் பூசினால் மதிப்பு இன்னும் இறங்கிவிடும். ஆனால் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாலும் எல்லா வண்டிகளும் பிழைப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்த துத்தநாகப் பொம்மைகள் பலவற்றில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டது. அந்தக் கலப்பினால் உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி, வெடிப்புற்று, எவர் கையும் படாமலே பொடியாகிவிடுகிறது. வெளியே வர்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அழிவு நடக்கும்.

உண்மையான வண்டியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அதைப் பெட்டியில் மூடிவைக்க முடியாது. அழைப்பே வராத நாளிலும் யந்திரத்தை ஓட்டிப் பார்க்கவேண்டும், பம்பைச் சோதிக்கவேண்டும், குழாய்களைக் காயவைத்துச் சுருட்டவேண்டும். நிலையத்தைக் கடந்துபோகும் நாம், "இவர்களுக்கு வேலையே இல்லை போலும், எப்போது பார்த்தாலும் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்களே" என்று எண்ணக்கூடாது. அந்தத் துடைப்பும் சோதனையுமே அவர்களுடைய வேலையில் பாதி.

இனி, பொம்மையில் இல்லாதது என்ன என்று பார்ப்போம். ஏணி இருக்கிறது, மணி இருக்கிறது, சில பொம்மைகளில் தலைக்கவசம் அணிந்த சிறு மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் வண்டியின் உயிரான பம்பு பெரும்பாலான பொம்மைகளில் இல்லை. வெளியே தெரியாத பொருளைப் பொம்மை செய்பவர் எப்படிச் செய்வார்? ஹிந்தியிலும் வங்காளியிலும் தீயணைப்பு வண்டிக்கு 'தம்கல்' என்று ஒரு சொல் உண்டு. அவரவர் உச்சரிப்பு சற்று வேறுபடும். அச்சொல்லுக்கு நீர் இறைக்கும் பம்பு என்ற பொருளும் உண்டு. வடநாட்டார் வண்டிக்குப் பெயரிடும்போது ஏணியைப் பார்க்கவில்லை, பம்பையே பார்த்தார்கள்.

இன்றைய வண்டியின் பம்பு டெசிபியஸின் உருளை அன்று. வட்டமான கூட்டினுள்ளே ஓர் இதழ்ச் சக்கரம் மிகுந்த வேகத்தில் சுழல்கிறது. நடுவில் புகும் நீரை அது ஓரத்துக்கு விசிறி எறிகிறது. தயிர் கடையும்போது மத்தின் வேகத்தில் மோர் பானையின் ஓரத்தில் ஏறுவதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். வண்டியை ஓட்டும் யந்திரமே, வண்டி நின்றபின் இந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ நீர் எடுக்கவேண்டுமானால் முதலில் உறிஞ்சு குழாயிலுள்ள காற்றை வெளியேற்றவேண்டும். காற்றை எடுத்ததும் வெளியிலுள்ள காற்று மண்டலத்தின் அழுத்தமே நீரை உள்ளே ஏற்றிவிடும். அவ்வாறு ஏறக்கூடிய உயரத்தின் எல்லை ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆழ்ந்த கிணறு அருகில் இருந்தும் தீயணைப்போர் அதை விட்டுவிட்டு வேறு நீர்நிலையைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

வண்டி தன்னுடன் கொண்டுவரும் நீர் எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒருவகை வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும். பெரிய அளவாகத் தோன்றுகிறது. ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பீச்சுவதாக வைத்துக்கொள்வோம். தொட்டி 10 நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரண்டு குழாய்களைத் திறந்தால் 5 நிமிடங்கள். "வண்டி வந்தது, சற்று நேரத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று பொதுமக்கள் கோபிப்பதுண்டு. உண்மையில் முதல் வண்டியின் நீர், தீயைத் தடுத்து நிறுத்தி, அடுத்த வண்டியோ அருகிலுள்ள நீர்க்குழாயோ கைகொடுக்கும்வரை காலத்தை வாங்கித் தருவதற்காகவே. கட்டடத்தின் நிலத்தொட்டியையும் தெருவின் நீர்க்குழாய் வாயையும் நாம் மூடி மறைக்காமல் வைத்திருந்தால், அந்த 10 நிமிடம் வீணாகாது.

ஏணியும் வளர்ந்துவிட்டது. ஜெர்மனியின் உல்ம் நகரத்து மாகிரஸ் என்பவர், சுவரில் சாத்தாமலே நிற்கக்கூடிய சக்கர ஏணியை 1872இல் அமைத்தார். 1958இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தார், முழங்கை போல மடங்கி நிமிரும் கையின் நுனியில் ஒரு கூண்டைப் பொருத்தி அதில் வீரர்களை ஏற்றினர். இன்று மும்பையிலும் பெங்களூரிலும் 90 மீட்டர் உயரம் எட்டும் ஏணி மேடைகள் உள்ளன. இத்தகைய வண்டிகளைப் பார்க்கும்போது நாம் சிறிது பெருமை கொள்ளவும் இடமுண்டு. தீயணைப்பு வண்டியை ஒருவரே முழுவதும் செய்வதில்லை. சக்கரமும் யந்திரமும் கொண்ட அடிச்சட்டம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும். தொட்டியும் பம்பும் மேற்கூடும் பிறிதோர் இடத்தில் ஏறும். சென்னையை அடுத்த எண்ணூரில் 1948இல் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய தொழிற்சாலையின் பெயரை, நாட்டின் பல நகரங்களில் தீயணைப்பு வண்டியின் முகப்பில் காணலாம்.

ஆயினும் பம்பும் நீரும் ஏணியும் மட்டும் சேர்ந்து தீயை அணைத்துவிடா. இன்னும் இரண்டு பொருள்கள் வேண்டும். அவற்றை எந்தத் தொழிற்சாலையும் செய்து தர முடியாது. அவை எவை என்பதை, நம்மில் பலர் வாழும் மும்பை மாநகரம் மிகக் கடுமையான முறையில் நமக்குக் கற்பித்திருக்கிறது.

அது 1944ஆம் ஆண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 'போர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12ஆம் தேதி அன்றைய பம்பாயின் விக்டோரியா கப்பல்துறைக்கு வந்தது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 1,400 டன் வெடிப்பொருள்கள் இருந்தன. தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும் மரமும் எண்ணெயும் ஏற்றப்பட்டன. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கிடங்கில் அடுக்கியிருந்தார்கள். அபாயச் சரக்கு உள்ளது என்பதைத் தெரிவிக்கும் சிவப்புக் கொடியும் கப்பலில் ஏற்றப்படவில்லை.

ஏப்ரல் 14ஆம் தேதி பிற்பகல் 2 மணி அளவில் இரண்டாம் கிடங்கிலிருந்து புகை எழக் கண்டார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு முதல் செய்தி, எச்சரிக்கைப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து அனுப்பப்பட்டது. அந்தப் பெட்டி, "இங்கே தீ" என்று மட்டுமே சொல்லும். எரிவது வைக்கோலா, வெடிமருந்தா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகவே சாதாரணத் தீ என்று கருதி, முதலில் இரண்டு பம்புகளையே அனுப்பினார்கள். உண்மை தெரிந்தபின் மேலும் பல வண்டிகள் விரைந்தன. 900 டன்னுக்கு மேல் நீரைக் கப்பலின் வயிற்றில் இறைத்தார்கள். தீயின் இருப்பிடம் மட்டும் புலப்படவில்லை. புகை மறைத்தது. உள்ளே நின்ற நீரே கொதிக்கத் தொடங்கியது. கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச்செல்வதா என்ற முடிவு ஏற்படாமலே காலம் கழிந்தது. 3 மணி 50 நிமிடத்துக்குக் கப்பலைக் கைவிட உத்தரவு பிறந்தது. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. 4 மணி 34 நிமிடத்துக்கு இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. 12 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்லாவின் கருவிகள் நில அதிர்வைப் பதிவு செய்தன. எரியும் பஞ்சுப் பொதிகள் வானிலிருந்து குடிசைகளின்மேல் விழுந்தன.

அன்று மாண்டவர்கள் பல நூறு பேர். அவர்களுள் 66 பேர் தீயணைப்புப் படையினர். கப்பலின் மேல்தட்டிலும் கரையிலும் குழாயைப் பிடித்தபடி நின்றவர்கள் அவர்கள். போர்க்காலத் தணிக்கையால் இந்தச் செய்தி மே மாதம்வரை முறையாக வெளிவரவில்லை. அதற்கு முன்பே, ஏப்ரல் 15ஆம் தேதி, ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி அதை உலகுக்குச் சொல்லிவிட்டது. அந்த வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளை நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகவும், அன்று தொடங்கும் வாரத்தைத் தீயணைப்பு வாரமாகவும் கடைப்பிடிக்கிறோம். அவர்களுக்கான நினைவுச்சின்னம் மும்பை பைகுல்லாவிலுள்ள தீயணைப்புத் தலைமை நிலையத்தில் நிற்கிறது. நமக்கோ அதே நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. பண்டிகை மகிழ்ச்சியினிடையே அந்த 66 பேரையும் ஒரு கணம் நினைப்பது தகும்.

அந்தப் பிற்பகலில் பம்புக்குக் குறைவில்லை, வீரத்துக்கும் குறைவில்லை. எது எங்கே எரிகிறது என்ற தெளிவான செய்தியே குறைந்தது. அதுவே, பொம்மையிலும் தொழிற்சாலையிலும் கிடைக்காத முதற்பொருள். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

சொந்த ஊரிலானால், "தீப்பிடித்துக்கொண்டது, பிள்ளையார் கோயிலுக்கு எதிரே வாருங்கள்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வேற்று மொழி வழங்கும் ஊரில், பதற்றமான நேரத்தில், வாய்க்கு வரவேண்டிய சொல் வராமல் போகும். நம் வீட்டிலுள்ள முதியவர்களோ அவ்வூர் மொழியை ஒருவேளை கற்றிருக்கவே மாட்டார்கள். எனவே ஒரு வாக்கியத்தையேனும் முன்கூட்டிப் பழகிக்கொள்வது அவசியம். ஹிந்தி வழங்கும் இடங்களில் "ஆக் லகீ ஹை" என்றால் போதும். மராத்தியில் "ஆக் லாக்லீ ஆஹே". குஜராத்தியில் "ஆக் லாகீ சே". வங்காளியில் "ஆகுன் லேகேசே". 'ஆக்' என்பது 'அக்னி'யின் திரிபே ஆதலால் நினைவில் வைப்பது எளிது. கன்னடத்தில் "பெங்கி பித்திதெ". தெலுங்கில் "நிப்பு அண்டுகுந்தி". மலையாளத்தில் "தீ பிடிச்சு" என்பது நமக்குக் கற்பிக்க வேண்டாத சொல்.

தொலைபேசி எண் 101. நாட்டின் பொது அவசர எண்ணாகிய 112இலும் அழைக்கலாம். அழைத்தபின் நான்கு செய்திகளைச் சொல்லவேண்டும். எரிவது என்ன: எரிவாயு உருளையா, மின்சாரமா, துணியா, எண்ணெயா? எந்த மாடி? உள்ளே யாரேனும் சிக்கியுள்ளனரா? வீட்டுக்கு வழி என்ன? நான்காவது செய்தியை, நமக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தால் சொல்லாமல், அவ்வூரார் எல்லோரும் அறிந்த அடையாளத்தால் சொல்லவேண்டும். தமிழர்கள் மட்டும் அறிந்த மெஸ்ஸின் பெயர் வண்டியோட்டிக்குத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தின் பெயர் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் கேட்டு முடிக்குமுன் தொலைபேசியை வைத்துவிடக்கூடாது. பிறகு ஒருவர் தெருமுனைக்கு ஓடி நின்று வண்டிக்கு வழிகாட்டவேண்டும். இவற்றையெல்லாம் அவ்வூர் எழுத்திலும் தமிழிலும் ஒரு சிறு தாளில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். மொழி அறிந்த அண்டை வீட்டாரிடம் அரைமணி நேரம் கேட்டால் முடிகிற வேலை இது.

இரண்டாவது பொருள் வழி. பொம்மை வண்டிக்கு வழி என்பதே ஒரு பொருட்டல்ல. கட்டிலின் அடியிலும் நாற்காலிக் கால்களின் நடுவிலும் அது புகுந்துவிடும். உண்மை வண்டி ஒரு லாரியின் அகலம் உடையது. நீருடன் சேர்ந்து பல டன் எடை கொண்டது. நாம் குடியிருக்கும் சால்களின் சந்துகளிலும் குடியிருப்புகளின் வாயில்களிலும் இரவு நேரத்தில் நிற்கும் ஸ்கூட்டர்களையும் கார்களையும் எண்ணிப் பாருங்கள். 90 மீட்டர் ஏணி, சந்தின் முனையிலேயே நின்றுவிட்டால், மூன்றாம் மாடிக்குக்கூடப் பயன்படாது. படிக்கட்டில் அடுக்கிய பழைய பெட்டியும், மொட்டைமாடிக் கதவில் தொங்கும் பூட்டும் அவ்வாறே வழியை மறிப்பவை. நம் வண்டியை வேறிடத்தில் நிறுத்துவதற்கு நாம் நடக்கும் 50 அடி, தீப்பிடித்த நாளில் யாரோ ஒருவருடைய உயிருக்குச் சமமாகலாம்.

தீயணைப்பு வாரத்தில் பல நகரங்களின் நிலையங்களில் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் காட்டுகிறார்கள். குழந்தையை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஏணியைப் பார்த்து வியந்து முடிந்தபின், வண்டியின் பின்புறத்திலோ பக்கத்திலோ உள்ள பம்பின் கைப்பிடிகளையும் அளவுமானிகளையும் காட்டுங்கள். அங்குள்ள வீரரிடம், "எங்கள் தெருவுக்குள் உங்கள் வண்டி வருமா?" என்று கேளுங்கள். அவர் தெருவின் பெயரைக் கேட்பார். அந்தப் பெயரை அவ்வூர் மொழியில் குழந்தையே தடுமாறாமல் சொல்லட்டும். அதற்கு அவர் தரும் விடையையும் வீட்டுக்கு வந்ததும் அண்டை அயலாரிடம் சொல்லுங்கள். வண்டி வராது என்பது விடையானால், எதை விலக்கினால் வரும் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துவிடுவது, தீ இல்லாத நாளில் எளிதாக நடக்கக்கூடிய காரியம்.